நல்ல கண்ணைக் கட்டச் சொன்ன மேடத்துக்கு

மேடம்,

நேற்று பள்ளிக்கூடத்துச் சாமான் அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். எலி ஓட்டை போட்டிருக்கிறதா என்று பருப்பு மூட்டையை நகர்த்தினால், சுவரோரம் சுருண்டு கிடந்தது அந்த நீல நைலான் கயிறு. இரண்டு முனையிலும் முடிச்சு. முடிச்சின் மேல் நீங்கள் தடவிய நகப்பாலிஷ் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அளக்கும் டேப் அறுந்துபோன அன்று, ஆறு மீட்டரை இந்தக் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு, "ஆயா, இனிமே இதுதான் நம்ம டேப்பு. துணி காயப்போட்டுடாதீங்க" என்று என் கையில் கொடுத்தீர்கள்.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பெண் வந்து, "இன்னாக்கா, பாம்பு கீம்பு பாத்துட்டியா?" என்றாள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. டெங்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு திங்கட்கிழமை கேள்விப்பட்டோம். அந்த வெள்ளிக்கிழமை எச்.எம். டீச்சர் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஆயா, அடுப்ப அணைச்சிட்டு கொஞ்சம் உக்காருங்க" என்றார். எனக்கு அணைக்கத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். என் மகளும் நீங்களும் ஒரே வயது.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். முந்தாநாள் புதன்கிழமை நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து வர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, பேத்தமங்களா பஸ்ஸிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியோடு இறங்கினீர்கள். பாத்திரம் பண்டம் தவணைக்குக் கொடுக்க வந்தவர் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாக வட்டக் கண்ணாடிகள். நான் எட்டிப் பார்த்ததும், "தொடாதீங்க ஆயா, எண்ணெய்க் கை" என்றீர்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர் நீங்கள். ஆனாலும் எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசினீர்கள். டீச்சர்களுக்கெல்லாம் ஏதோ கணக்கெடுப்பு வேலை வந்துவிட்டதால் உங்களுக்குத் துணை யாரும் இல்லை. சமையலறையில் கை துடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"உங்க கை நல்லா அகலமா இருக்குது. வாங்க இங்க."

அப்படித்தான் மதியச் சோறு சமைக்க வந்த நான் கண் சோதிக்கும் வேலைக்கும் வந்தேன். ஒரே இங்கிலீஷ் எழுத்துதான் நீங்கள் சுவரில் மாட்டிய அட்டை முழுக்க. மூன்று கால் நீட்டிக்கொண்டு, மேலே கீழே இடம் வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கும். வரி இறங்க இறங்கச் சின்னதாகிக்கொண்டே போகும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ ஆறு மீட்டர் தள்ளி நிற்கிற பிள்ளை அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை நான் மூடிப் பிடிக்க வேண்டும். "அழுத்தாதீங்க. கையக் குழிச்சி வைங்க, உள்ள கண்ணு தொறந்தே இருக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். என் உள்ளங்கைக்குள் பிள்ளைகளின் இமை படபடவென்று அடிக்கும். ஐந்து பிள்ளை பெற்றவளுக்குக்கூட அது புதிதாக இருந்தது.

தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் நீங்கள் பெட்டியைத் திறக்கவே மாட்டீர்கள். அன்று மேட்டுப் பொடி பறந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் சிவந்திருக்கும். "இன்னிக்கு பாத்தா ஊருக்கே கண்ணாடி எழுதணும்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்கு வந்து என்னோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பீர்கள். பிள்ளைகளுக்குப் போட்ட சோறு சாம்பாரைத்தான் நீங்களும் சாப்பிடுவீர்கள். உப்பு குறைந்தால் சொல்லிவிடுவீர்கள். அது எனக்குப் பிடித்தது.

சின்ன வரி தெரியாத ஒரு பெண் பிள்ளை, "நான் பெயிலா மேடம்?" என்று அழ ஆரம்பித்தாள். "கண்ணுக்கு ஏது பாசு பெயிலு? கண்ணாடி வேணும், இல்ல வேணாம். அவ்ளோதான்" என்றீர்கள். இன்னொருத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரோஸ் பிரேம் வந்துவிட்டது என்று, ஒன்றுமே தெரியவில்லை என்று சாதித்தாள். நீங்கள் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைச் சட்டத்தில் மாட்டி அவள் மூக்கில் வைத்தீர்கள். கடைசி வரி வரை கடகடவென்று கை காட்டினாள். "பாத்தீங்களா ஆயா, நான் எவ்ளோ பெரிய டாக்டர்" என்று என் காதில் சொன்னீர்கள். சிரித்துச் சிரித்து நான் கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் என் பேத்தி யசோ ஒன்றாவதில் சேர்ந்திருந்தாள். மகளும் மருமகனும் விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூரில் வேலை முடித்து இருட்டித்தான் வருவார்கள். பிள்ளை என்னோடுதான். வைசாக பௌர்ணமிக்கு விகாரையில் பஞ்சசீலத்தைத் திக்காமல் திணறாமல் சொல்வாள். கண்ணாடி மாதிரிப் பேச்சு, கறுகறுவென்று கண். அவள் வரிசையில் நின்றபோது என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இடது கண்ணை மூடினேன். கடைசி வரி வரை சொன்னாள். வலது கண்ணை மூடினேன். "ஆயா, கைய எடு" என்று என் கையைத் தள்ளினாள். குறும்பு செய்கிறாள் என்று நினைத்தேன். பின்னால் முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் பேத்தி எல்லார் முன்னாலும் முழிக்கக் கூடாது என்று, இரண்டு விரலை ஒரு நூல் அளவு விலக்கினேன். நீங்கள் அட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். அங்கிருந்தே பார்த்துவிட்டீர்கள்.

"அஜ்ஜி, பேத்திய காப்பி அடிக்க விடாதீங்க."

உங்களுக்குக் கோபமோ பாசமோ வந்தால் ஆயா போய், உங்கள் கன்னடத்துப் பாட்டி, அஜ்ஜி ஆகிவிடும். நீங்களே வந்து உங்கள் கையால் மூடினீர்கள். அவளுக்கு மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து தெரிந்தது. இரண்டாவது வரி பாதி தெரிந்தது. அதற்குக் கீழே கை எல்லாப் பக்கமும் அலைந்தது.

"இடது கண்ணு வேலைக்கே வரல ஆயா. இதுக்குச் சோம்பேறிக் கண்ணுன்னு பேரு. ஒரு கண்ணு நல்லா பாக்குறதால, யாருக்கும் தெரியாமப் போச்சு. அவளுக்கே தெரியல. ஏழு எட்டு வயசுக்குள்ள வேலைக்குக் கொண்டாரணும். அப்புறம் கஷ்டம்."

கோலாருக்கு நீங்களே எங்களைக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினீர்கள். கண்ணாடி எழுதினார். கூடவே, நல்ல கண்ணான வலது கண்ணின் மேல் தினமும் இரண்டு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் அவள் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டி எனக்கு மறுபடி சொன்னீர்கள். ஒட்டிய நாளுக்கு ஒரு டிக் போடச் சொல்லி, கட்டம் போட்ட ஒரு அட்டையும் கொடுத்தீர்கள்.

நான் சரியாகத்தான் கேட்டுக்கொண்டேன் மேடம். கேட்கவில்லை, புரியவில்லை என்று இன்றைக்குக்கூட நான் சொல்ல முடியாது.

முதல் நாள் சாயங்காலம் ஒட்டினேன். பிள்ளை எழுந்து நடந்து நேரே நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். "ஆயா, எடு ஆயா. கொழாகிட்ட யாரோ நிக்கிறாங்க" என்று அலறினாள். குழாய்கிட்ட தண்ணீர் டிரம்தான் இருந்தது. இரண்டாம் நாள், பிளாஸ்திரியைக் கையில் எடுத்தாலே என் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் நாள் நான் யோசித்தேன்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிரில் ஓட்டியவர். கல் சில்லு தெறித்து ஒரு கண்ணில் பட்டு, சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்கள். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் அடிபட்ட கண்ணைத்தான் கட்டினார்கள். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் அப்படி ஒற்றைக் கண் கட்டோடு எத்தனை ஆண்களைப் பார்த்திருக்கிறேன். நான் பிறந்ததிலிருந்து நோவு உள்ள கண்ணைத்தான் கட்டிப் பார்த்திருக்கிறேன். கட்டின கண்ணுக்கு ஓய்வு, ஓய்வு கிடைத்தால் ஆறும். நல்லா இருக்கிற கண்ணைக் கட்டிப் போட்டு, ஆகாத கண்ணால் ஒரு பச்சைப் பிள்ளையை நடக்கச் சொல்வது எந்த வைத்தியம்? சின்ன வயசுக்காரி, டாக்டர் சொன்னதை அவசரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று உங்களைப் பற்றி நினைத்தேன். கண் வேலையில் நானும் அரை டாக்டர் ஆகிவிட்டேன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் இடது கண்ணில் ஒட்டினேன்.

பிள்ளை சிரித்துக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். ஓடினாள், விளையாடினாள், இரண்டு மணி நேரம் ஒரு முனகல் இல்லை. பார்த்தாயா, இதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டையில் டிக் போட்டேன். ஒரு நாள்கூட விடாமல் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் வந்தீர்கள். அட்டையைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படி மலர்ந்தது. "ஒரு நாள் கூட விடலயே. எல்லா வீட்லயும் உங்கள மாதிரி ஒரு அஜ்ஜி இருந்தா எனக்கு வேலையே இல்ல." டீச்சர்களுக்குக் கேட்கும்படி சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு அவளைக் கயிற்றின் அந்த முனையில் நிறுத்தினீர்கள். மேலே ஒற்றை எழுத்து. இரண்டாவது வரி பாதி. அவ்வளவுதான். மறுபடி பார்த்தீர்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தீர்கள். மண்டியிட்டு டார்ச் அடித்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் போனீர்கள். அப்போது உங்கள் கை நின்றுவிட்டது. இடது புருவத்துக்கு மேலேயும் கன்னத்திலும் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி எடுத்ததில் தோல் சிவந்து, புருவ மயிர்கூடக் கொஞ்சம் போயிருந்தது. வலது பக்கம் பளிச்சென்று இருந்தது.

"கண்ணு, ஆயா எங்க ஒட்டுவாங்க?"

யசோ இடது கண்ணைத் தொட்டாள். "இதுல. அதுல ஒட்டினா நான் அழுவறேன்னு ஆயா மாத்திட்டாங்க."

அவளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினீர்கள். நான் முந்திக்கொண்டேன். "புள்ள அழுவுதும்மா. நோவு இருக்கிற கண்ணத்தானே கட்டணும்?"

நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்தீர்கள். என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆபரேஷனுக்கு நான்தான் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் என் இடது கண்ணில் ஒட்டினீர்கள், என் நல்ல கண்ணில்.

"நடங்க அஜ்ஜி. சமையலறைக்குப் போயிட்டு வாங்க."

வருஷக்கணக்காக நடக்கிற தாழ்வாரம். எல்லாம் பால் கொட்டினது மாதிரி வெள்ளை. படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எதிரில் வந்தது பிள்ளையா தூணா என்று தெரியவில்லை. நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டேன். கை தானாகக் காற்றைத் துழாவியது. நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். உங்கள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

"பயமா இருக்குதா?"

"இருக்குது."

"அந்தப் புள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும். அழுவா. அழறது நிஜம்தான். நீங்க பாவம் பாத்தது தப்பு இல்ல." என்னைப் படியில் உட்காரவைத்தீர்கள். "மைன்ஸ் ஊர்க்காரங்க நீங்க. ரெண்டு பேரு போட்ட எடத்துல ஒருத்தனே எல்லா வேலையும் செஞ்சா, இன்னொருத்தன் இன்னா பண்ணுவான்?"

"தூங்குவான்."

"நல்லா வேலை செய்யறவன ரெண்டு மணி நேரம் மேல அனுப்பிட்டா?"

எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு மாதம், தினமும், தூங்குகிறவனுக்கு நான் பாய் விரித்துப் போட்டிருக்கிறேன்.

"எம்மேலயும் தப்பு இருக்குது" என்றீர்கள். "எந்தக் கண்ணுன்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்லல."

அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. படித்தவர்கள் எங்களைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்வது என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்டே வயசு போனவள் நான்.

"போன ரெண்டு மாசம் திரும்ப வருமா மேடம்?"

"தெரியாது அஜ்ஜி. அதனால எவ்ளோ போச்சு, ஒண்ணும் போகலயா, யாராலயும் சொல்ல முடியாது. இத மட்டும் என்கிட்ட திருப்பித் திருப்பிக் கேக்காதீங்க." பிளாஸ்திரியை மெதுவாக உரித்தீர்கள். "இன்னிக்கு சாயங்காலம் எந்தக் கண்ணு?"

"வலது."

"ஆய்த்து, அவ்ளோதான். போங்க, சாம்பார் அடி புடிக்கிற வாசனை வருது."

டிக் போட்ட அட்டையில் இங்கிலீஷில் ஏதோ எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் சரியா கட்டலன்னு எழுதியிருக்கேன். உண்மைய எழுதாம இருக்க முடியாது. யாருன்னு எழுதல. வீட்ல சொல்றது உங்க விஷயம்."

நான் வீட்டில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம் என்று நினைப்பேன். மகள் ரயிலில் நின்றே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளை முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "நீ இல்லன்னா என் புள்ள கதி இன்னா ஆகும்மா" என்பாள். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

அன்று சாயங்காலத்திலிருந்து வலது கண். அவள் அழுதாள். நான் விடவில்லை. ஆனால் அவளைத் தனியாகவும் விடவில்லை. என் நல்ல கண்ணிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, முறத்தில் அரிசியைக் கொட்டி இரண்டு பேரும் கல் பொறுக்குவோம். கல்லைவிட அரிசியைத்தான் அதிகம் பொறுக்கி எறிந்திருப்போம். எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னாக்கா, பாட்டியும் பேத்தியும் கொள்ளையடிக்கக் கெளம்பிட்டீங்களா?" என்பாள். யசோ சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஒரு கல்லைப் பிடித்துவிடுவாள்.

மூன்றாவது வரி வந்தது. அந்த வருஷக் கடைசியில் நாலாவது. ஒவ்வொரு தடவையும் கயிற்றின் அந்த முனையில் அவளும் இந்த முனையில் நீங்களும் நிற்க, நான் அடுப்பை விட்டுவிட்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்தாவது வரி வந்த அன்று நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தீர்கள். காற்று இல்லாத நாள் அது.

அதற்கப்புறம் நகரவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, போதும், இனி பிளாஸ்திரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். மகள் இருந்தாள், மருமகன் இருந்தார். "கடைசி ரெண்டு வரி வரல. ஆனா இந்தக் கண்ணு இப்ப வேலைக்கு வருது. நாளைக்கு வலது கண்ணுக்கு ஏதாவது ஆனாக்கூட, இவ யாரு கையையும் புடிக்காம நடப்பா. பஸ் போர்டு படிப்பா." மகள் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். நீங்கள் அங்கேயும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்தக் கடைசி இரண்டு வரிதான் என் இரண்டு மாதமா? உங்களிடம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் பிளாஸ்திரி கொடுத்தாலும், முதல் பிளாஸ்திரியை நீங்கள் பிள்ளைக்கு ஒட்டவில்லை. அப்பாவோ அம்மாவோ பாட்டியோ, யார் வந்தாலும் அவர்கள் ஒரு கண்ணில் மங்கல் கண்ணாடியை மாட்டி, இன்னொன்றில் பிளாஸ்திரி ஒட்டி, தாழ்வாரத்தில் நடக்கச் சொல்வீர்கள். நடந்து வந்தவர்களிடம்தான் எதற்கு என்று சொல்வீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன்.

உங்கள் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல பையன், பொறுமையாகத்தான் பார்க்கிறார், இன்னும் ஊர் பிடிபடவில்லை. இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தைக்கு யசோவுக்கு வந்ததேதான். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள அவள் தாத்தா வந்திருந்தார். ரிட்டயர் ஆன சுரங்கக்காரர், நடையிலேயே தெரியும். பிளாஸ்திரிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நல்லா கீற கண்ண எதுக்குக் கட்டச் சொல்ற? எங்க மைன்ஸ் ஆஸ்பத்திரில நோவுற கண்ணத்தான் கட்டுவாங்கோ."

என் கை ஒரு பிள்ளையின் கண் மேல் இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை நான் நினைத்ததைத்தான் அவர் சொன்னார்.

"டாக்டர் எழுதியிருக்காரு தாத்தா. வலது கண்ணுதான். மறக்காம ஒட்டுங்க" என்றார் புதியவர். பின்னால் நீள வரிசை. தாத்தா "சரிப்பா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும் மேடம். வீட்டுக்குப் போவார், குழந்தை அழும், அவரும் மனுஷன்தானே, மாற்றி ஒட்டுவார். டிக் போடுவார். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் இல்லை.

கூட வேலை செய்கிறவள் இருந்தாள். டீச்சர்கள் இருந்தார்கள். எச்.எம். இருந்தார். நான் கையை எடுத்தேன்.

"அண்ணா, எம் பேத்திக்கு நான் தப்பான கண்ணக் கட்டினேன். ரெண்டு மாசம்."

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ இந்த வேலையிலயே கீறியேம்மா."

"அதனாலதான் யாரும் கேக்கல."

"அப்புறம் இன்னா ஆச்சி?"

"அஞ்சு வரி படிக்கிறா. கடைசி ரெண்டு இன்னும் வரல. வராது."

கூட வேலை செய்கிறவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் புதியவரிடம் மங்கல் கண்ணாடி ஒன்றும் பிளாஸ்திரி ஒன்றும் கேட்டு வாங்கி, தாத்தாவை நடக்கவைத்தேன். குழாய்வரை போவதற்குள் மனுஷர் என் தோளை அப்பிப் பிடித்துக்கொண்டார். "சுரங்கத்துக்குள்ள, லெவல்ல விளக்கு அணஞ்சாக்கூட இப்படி இருந்ததில்லம்மா" என்றார். அப்புறம் நீங்கள் எனக்குச் சொன்ன அந்த இரண்டு ஆள் கணக்கை அவருக்குச் சொன்னேன். புதியவர் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டார்.

கூட வேலை செய்கிறவள் எங்கள் லைனில்தான் இருக்கிறாள். இந்தச் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதனால் அன்று பாத்திரத்தை அவளிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் நடந்தேன். யசோ ஒன்பதாவது படிக்கிறாள் இப்போது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம்.

அவளுக்கு அந்த வயசில் நடந்தது எதுவும் நினைவில்லை. நிலைப்படியில் இடித்துக்கொண்டது மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிறதாம்.

"எத்தினி மாசம் ஆயா?"

"ரெண்டு."

உள்ளங்கையைக் குழித்து வலது கண்ணை மூடிக்கொண்டாள். இடது கண்ணால் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தக் கண்ணுல பாத்தா உனுக்கு ஒரு சுருக்கம்கூட இல்ல. சின்னப் பொண்ணாட்டம் கீற ஆயா."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் இருப்பாள். சொல்லிவிடுவேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அந்த இரண்டு மாதத்துப் பாரத்தை யசோவும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, நானும் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. அது என்னிடம் இருக்கட்டும் மேடம். அது இருந்ததால்தான் புதன்கிழமை எனக்கு வாய் வந்தது.

இன்று சாயங்காலம் அந்தத் தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும். ஒட்ட ஆரம்பித்த முதல் வாரம்தான் பிள்ளைகள் அதிகம் அழும். அந்த நேரத்தில் மனசு இளகாத ஆள் யாரும் கிடையாது. குழந்தையின் அந்த இரண்டு மணி நேரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். முறமும் கொஞ்சம் அரிசியும் எடுத்து வைத்துவிட்டேன்.